ஐஸ் இருக்கா

மாசம் இருநூற்று முப்பத்தைந்து வாடகை,
வரி தனி,
பேசினாலும் பேசாவிட்டாலும்.
பிள்ளை படிப்புக்குப் போட்ட நெட் வீட்டில் இருக்கிறது.
அதன் முதுகிலேயே பேச்சும் போகுமாம், ஐம்பது ரூபாய்க்கு.
சீனி அசன் காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் கணக்குப் போட்டார்.
வருஷத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு சொச்சம் மிச்சம்.
மூணு கிலோ நெய்மீன், என்று
தொகையின் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் இட்டார்.

மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.
கச்சான் அடித்தால் நாலு நாள் ஊமையாகிற லைன்.
சந்துமுனைப் பெட்டியைத் திறந்துபார்த்த லைன்மேன்
"செம்பு பச்சையாப் பூத்திருச்சும்மா,
மண்டபத்துக் காத்துக்கு இரும்பே நிக்காது" என்று
மூடிவிட்டுப் போனார்.

ஜூன் பதினைந்து கழியட்டும் என்றேன்.
ஏன்?
தடைக்காலம் முடியட்டும்.
"நம்மகிட்ட இருக்கிறது ஒரு தையல் மிஷின்.
அதுக்கு என்ன தடைக்காலம்?"

ஐஸ் கம்பெனி நம்பர் ஏழில் முடியும்.
எங்களது ஒன்றில்.
கம்பெனிச் சுவரில் எழுதியிருந்த ஏழின் தலைக்கட்டை
உப்புக்காற்று தின்றுவிட்டது.
மிஞ்சியது ஒற்றைக் கோடு.
அதைப் பார்த்துத்தான்
விடிகாலை மூன்றரைக்கு ஒரு குரல்,
ஐஸ் இருக்கா?

இரண்டு வருஷம் ராங் நம்பர் என்றேன்.
மூன்றாம் வருஷம் ஓர் இரவு
ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.
புழுக்கத்தில் விழித்தே கிடந்தவள்
"ராவெல்லாம் கரண்ட் இல்ல, எங்க ஐஸ் கட்டியிருக்கும்?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் இன்ஜின் சத்தம் மட்டும்.
"அப்பச் சரி. பாம்பன்ல ஏத்திக்கிறேன்."

அதற்குப் பிறகு
மீன்காரி ஞானசௌந்தரியிடம்
பார் என்ன விலை, உடைகூலி எவ்வளவு என்று
எதற்கென்று சொல்லாமல் கேட்டு வைத்துக்கொள்வேன்.
அவர் பெயர் நிறைகுளத்தான், விசைப்படகு டிரைவர்.
ஏப்ரல் பதினாலாம் தேதி சொன்னார்:
"அறுபத்தொரு நாளைக்குத் தொந்தரவு இல்ல, லாத்தா."

இதைக் கேட்டுச் சீனி அசன் கோபப்படவில்லை.
"ஏழுக்கு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது" என்றார்.
நியாயம்தான்.
கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டோடு
மறுநாள் போய் நின்றேன்.
சுவர் வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது.
சிவப்பில் பத்து இலக்கம், செல் நம்பர்.
"முந்தா வருஷமே மாத்தியாச்சே" என்றார் வாட்ச்மேன்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்காமலே
திரும்பி வந்தேன்.
என்ன ஆச்சு என்றவரிடம்
ஏணி இல்லை என்றேன்.

இரண்டு மாச பில், ஐந்நூற்று ஐம்பத்து நாலு.
ஜாக்கெட் தைத்த காசில் நானே கட்டினேன்.
புதுப் பெட்டி வந்து
பழைய போனுக்குப் பக்கத்தில்
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

ஜூன் பதினைந்து. மூன்றரைகூட ஆகவில்லை.
கரகரப்புக்கு நடுவே மணி.
"புது நம்பர் தாரேன், எழுதிக்கங்க."
"பேனா இல்ல, லாத்தா. சொல்லுங்க,
கேபின்ல சாக்பீஸால போட்டுக்கிறேன்."
சொன்னேன்.
"கடைசி ஏழா, ஒண்ணா?"
"நாலு."
சிரித்தாரா, லைன் இரைந்ததா, தெரியவில்லை.
சுவர் மாறியதைப் பற்றி
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஐஸ் இருக்கு என்றேன். விலை சொன்னேன்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது.
பழைய கம்பி தன் கரண்டைத் தானே கொண்டுவரும்.
ஊரே இருண்டாலும் அடிக்கும்.
இந்தப் பெட்டி
கரண்ட் போனால் கூடவே செத்துவிடும்.
அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பரவாயில்லை.
கூப்பிட்டுப் போகவில்லை என்றால்
ஐஸ் இல்லை என்று
அவருக்குத் தெரியும்.